காவிப் பெட்டியும் ரோஸ் பெட்டியும்

மதினி,

இன்று காலையில் எதிர்வீட்டுச் சுவரில் ஒருவர் கண்ணீர் அஞ்சலி நோட்டீஸ் ஒட்டிக்கொண்டிருந்தார். யார் போனது என்று பார்க்கத்தான் வாசலுக்கு வந்தேன். படத்தைப் பார்ப்பதற்குள் அவருடைய வாளியிலிருந்து பசையின் வாடை வந்துவிட்டது. மைதா மாவில் மயில்துத்தம் போட்டுக் காய்ச்சிய பசை. மாவு வாடையும் செம்புக் களிம்பு வாடையும் கலந்து தொண்டையில் வந்து நின்றது. அப்படியே வாசற்படியில் உட்கார்ந்து அழுதுவிட்டேன். நோட்டீஸ் ஒட்டியவர் பதறிப்போய், "தெரிஞ்ச ஆளாம்மா?" என்று கேட்டார். "ஆமா" என்று சொல்லிவிட்டு உள்ளே வந்தேன். அந்தப் படத்தில் இருந்தவர் யாரென்று இந்த நிமிஷம் வரை எனக்குத் தெரியாது.

நம் வீட்டுக் கூடத்தில் எத்தனை வருஷம் அந்த வாடை இருந்தது! சாப்பிடும்போதுகூட அது போகாது. மதியச் சோற்றுக்குப் பிறகு நாம் இரண்டு பேரும் எதிரெதிரே காலை நீட்டி உட்கார்ந்து, மடியில் முறம் வைத்துப் பெட்டி ஒட்டுவோம். நீங்கள் ஒட்டிய பெட்டியில் பசை ஒரு துளி பிதுங்காது. நான் ஒட்டியதை எடுத்துப் பார்த்துவிட்டு, "ஏட்டி வள்ளி, இது பெட்டியா, புண்ணுக்குக் கட்டுன கட்டா?" என்பீர்கள்.

நீங்கள் போய் மூன்று வருஷம் ஆகிறது. ஒரே வீட்டில் இருந்தவர்களுக்கு நடுவில் கடிதம் எதற்கு? உங்களோடு இருந்த காலத்தில் ஒரு வரிகூட நான் உங்களுக்கு எழுதியதில்லை. வாய்தான் ஓயாமல் பேசியது. பேசவேண்டிய ஒன்றை மட்டும் அது பேசவில்லை. அதை இப்போது எழுதுகிறேன். இனி எழுதி என்ன பிரயோஜனம் என்று தெரியவில்லை. எழுதாமல் இருக்கவும் முடியவில்லை.

என்னைப் பெண் பார்க்க வந்தபோது, மாப்பிள்ளைக்கு ஓர் அக்கா உண்டு என்றார்கள். அவள் ஏன் வரவில்லை என்று என் அம்மா கேட்டதற்கு, "வீட்டுல ஆள் வேணும்லா" என்றார் அத்தை. கல்யாணத்திலும் உங்களைக் காணோம். மறுவீடு முடிந்து சங்கரன்கோவிலுக்கு வந்து, மறுநாள் கிணற்றடியில்தான் உங்களை முதன்முதலில் பார்த்தேன். என்னைவிட இரண்டு வயசு மூத்தவர். உதட்டோரத்தில் வெள்ளை. கழுத்தில் ஒரு திட்டு. வாளிக் கயிற்றைப் பிடித்திருந்த பத்து விரல் நுனியும் வெள்ளை. எனக்கு வாய்க்குப் பூட்டு கிடையாது என்பது உங்களுக்குத் தெரியும். வந்த இரண்டாம் நாள் என்றும் பாராமல், "வாயோரத்துல என்னது மதினி?" என்று கேட்டுவிட்டேன்.

"சுண்ணாம்பு," என்றீர்கள். "பதினாறு வயசுல வெத்தல போட்டேன். அன்னைக்கு ஒட்டுனது, இன்னும் போவ மாட்டேங்கி."

சொல்லிவிட்டு முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தீர்கள். நானும் சிரித்தேன். அப்புறம் சமையல்கட்டில் போய் நின்றுகொண்டு என்னை நானே திட்டிக்கொண்டேன்.

அது தொட்டால் ஒட்டுகிற வியாதி இல்லை என்று ஆஸ்பத்திரியில் எழுதியே கொடுத்திருந்தார்கள். அந்தச் சீட்டை யாருக்குக் காட்டுவது? அத்தை உங்களுக்கு எத்தனை வருஷம் கோவில் பிரசாதமான புற்றுமண்ணைக் குழைத்துப் பூசினார் என்று நீங்களே கணக்கு விட்டுவிட்டீர்கள். சொந்தக்காரர் வீட்டில் விசேஷம் என்றால் வீட்டுக்குக் காவல் நீங்கள்தான். வீட்டுக்கு யாராவது வந்தால், "இது யாரு வச்ச குழம்பு?" என்று என் காதோடு கேட்டுவிட்டுத்தான் இலையில் கை வைப்பார்கள். "நான்தான் வச்சேன்" என்று பொய் சொல்லிப் பழகிக்கொண்டேன். நான் பொய் சொல்லத் தொடங்கியது அங்கேதான் போலிருக்கிறது.

நலங்குப் பொடியை நீங்கள் முதலில் எனக்காகத்தான் அரைத்தீர்கள். மூத்தவளைப் பெற்றுவிட்டு வந்தபோது என் முகமெல்லாம் கருத்துப் போய்க் கிடந்தது. பாசிப்பயறு, கஸ்தூரி மஞ்சள், பூலாங்கிழங்கு, வெட்டிவேர், ஆவாரம்பூ என்று வெயிலில் காயவைத்து, உரலில் இடித்து, மெல்லிய துணியில் மூன்று தடவை சலித்துக் கொடுத்தீர்கள். இரண்டு மாதத்தில் தெருப் பெண்கள், என்ன பூசுகிறாய் என்று என்னைப் பிடித்துக்கொண்டார்கள். உங்கள் தம்பிதான் கோவில் பக்கத்தில் வளையல், ரிப்பன், பொட்டு விற்கிற ஃபேன்சி கடை வைத்திருந்தாரே. பழைய பேப்பரில் பொட்டலம் கட்டிக் கடையில் வைத்தார். போய்க்கொண்டே இருந்தது. அடுத்தவர் முகத்துக்கெல்லாம் பொடி இடித்த நீங்கள், அதை ஒரு நாள்கூட உங்கள் முகத்தில் பூசிப் பார்த்ததில்லை. கேட்டால், "சுவரு முழுக்க வெள்ளையடிக்க வேண்டியிருக்கு, இதுல மஞ்ச எதுக்கு?" என்பீர்கள்.

பேப்பர் பொட்டலத்தில் ஒரு வாரத்தில் வாசம் போய்விடுகிறது என்பதுதான் உங்களுக்கு மனத்தாங்கல். "வாசம் போயிட்டுன்னா இது வெறும் பயத்தமாவு. இதுக்குன்னு ஒரு பெட்டி வேணும் ஏட்டி" என்றீர்கள். தீப்பெட்டிக்கு அச்சடிக்கிற ஊர் இரண்டு மணி நேரப் பயணத்தில் இருக்கும்போது நமக்கென்ன கவலை? அத்தையிடம் பல்வலி என்று ஒரு பொய் சொல்லிவிட்டு, நாம் இருவரும் சிவகாசிக்கு பஸ் ஏறினோம். திருவேங்கடம் தாண்டும் வரை முந்தானையை வாயிலிருந்து நீங்கள் எடுக்கவில்லை. பஸ்ஸில் தெரிந்த முகம் எல்லாம் இறங்கிய பிறகுதான் ஜன்னல் பக்கம் திரும்பிக் கையைக் கீழே போட்டீர்கள். வெளியே கரிசல் காடு பருத்தி பூத்துக் கிடந்தது. "நல்லா இருக்குல்லா" என்று யாரிடமோ சொல்வது போலச் சொன்னீர்கள்.

அச்சகத்தில் மாதிரிப் பெட்டிகளை மேஜை நிறையப் பரப்பிவிட்டார்கள். மெழுகுத்தாள் ஒட்டியது, வெல்வெட் போலத் தடவினால் வழுக்குவது, எட்டு மூலைப் பெட்டி, வட்டப்பெட்டி. நான் திகைத்துப் போய் நின்றேன். நீங்கள் ஒரு பெட்டியை எடுத்து இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு என் காதில் சொன்னீர்கள்:

"ஏட்டி, நம்மளும் ஒரு நாளு மாப்பிள வீட்டுக்காரிகளா இருந்து பொண்ணு பாப்போம். குத்தம் சொல்லாம எந்திரிக்கக் கூடாது, என்ன?"

பிறகு ஒவ்வொன்றுக்கும் ஒரு குற்றம். "இவ ஆளு லெட்சணமா இருக்கா, ஆனா மூடி நிக்க மாட்டேங்கி, வாயாடியா இருப்பா." "இவளுக்கு இடுப்பு கோணல்." "இவ ரொம்ப மினுக்குதா, வீட்டுக்கு ஆவாது." சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்தது. கடைசியில் அச்சே இல்லாத ஒரு வெள்ளைப் பெட்டி கிடந்தது. அதைக் கையில் எடுத்தீர்கள். "இவள எவன் கட்டுவான்?" என்று சொல்லி, மற்ற பெட்டிகளை எறிந்தது போல எறியாமல், மேஜையின் ஓரத்தில் பத்திரமாக வைத்தீர்கள்.

விளையாட்டு அத்தோடு சரி. பிறகு நீங்கள் பெட்டி பார்த்த விதத்தைக் கண்டு அந்த அச்சகத்துக்காரரே எழுந்து நின்றுவிட்டார். குடிக்க வைத்திருந்த தண்ணீரில் கையை நனைத்துக்கொண்டு ஒவ்வொரு பெட்டியையும் பிடித்துப் பார்த்தீர்கள். "குளிக்கப் போறவ கை ஈரமாத்தான் இருக்கும் அண்ணாச்சி. சாயம் கையில ஒட்டுனா மூஞ்சிலயும் ஒட்டும்" என்றீர்கள். ஒரு கையால் திறக்க முடிகிறதா என்று பார்த்தீர்கள், இன்னொரு கையில் பிள்ளையைப் பிடித்திருப்பாளாம். கொண்டுபோன பொடியைப் பட்டர் பேப்பரில் மடித்து உள்ளே வைத்து மூடி, வெளியே வாசம் வருகிறதா என்று என்னை முகர்ந்து பார்க்கச் சொன்னீர்கள். இடுப்பு உயரத்திலிருந்து கீழே போட்டுப் பார்த்தீர்கள். கடைசியில் தீப்பெட்டி போலப் பெருவிரலால் தள்ளித் திறக்கிற இழுப்புப் பெட்டியை எடுத்தீர்கள். மஞ்சள் கறை பட்டாலும் தெரியாத காவி நிறம். அவர்களிடம் கோபுரப் படம் ஒன்று தயாராக இருந்தது, அதைப் போட்டால் செலவு குறையும் என்றார்கள். சரி என்றோம். மேலே 'நலங்குப் பொடி', கீழே 'சங்கரன்கோவில்'. அந்த ஒரு மணி நேரமும் உங்கள் கை வாய்க்குப் போகவே இல்லை. உங்களுக்கு அது தெரிந்திருக்காது. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

"தயாரிப்புன்னு பக்கவாட்டுல யாரு பேரு போட?" என்று அவர் கேட்டார். நான் பட்டென்று உங்கள் பேரைச் சொன்னேன். "என்னத்துக்கு ஏட்டி" என்று என் சேலையைப் பிடித்து இழுத்தீர்கள். இழுத்த கையில் பலமே இல்லை. அவர் எழுதிக்கொண்டார்.

அச்சடித்த தாள்கட்டு வந்து சேர்ந்த அன்று, முதல் பெட்டியை மடித்து ஒட்டி, பேர் போட்ட பக்கத்தை மட்டும் பார்த்துக்கொண்டு வெகுநேரம் இருந்தீர்கள். உங்கள் தம்பிக்கும் எனக்கும் நடந்த கல்யாணப் பத்திரிகையில்கூட உங்கள் பேரைப் போடவில்லை என்று அன்றைக்குத்தான் எனக்குச் சொன்னீர்கள். "அச்சுல எம்பேரு எப்படி இருக்கும்னு நெனச்சதே இல்ல" என்றீர்கள்.

அந்த வருஷம் கோவில் ஆடித்தபசுத் திருவிழாவுக்கு நடந்த கூத்தை நினைத்தால் இப்போதும் சிரிப்புத்தான் வருகிறது, மதினி. தபசுக் கூட்டத்தில் கடையில் கால் வைக்க இடமில்லை. பின்பக்கம் திரைக்கு உள்ளே நீங்கள் பெட்டியில் பொடி வைத்துக் கொடுக்கக் கொடுக்க, இந்தப் பக்கம் நானும் உங்கள் தம்பியும் விற்றுக்கொண்டே இருந்தோம். பெண்கள் வாங்கினார்கள், சரி. மீசைக்காரர்களும் கிழவர்களும் இரண்டு மூன்று என்று வாங்கியபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். மத்தியானம் ஒரு பெரியவர் கடை ஓரமாக நின்று பெட்டியைத் தள்ளித் திறந்தார். ஒரு சிட்டிகை எடுத்து நெற்றியில் பூசினார். இன்னொரு சிட்டிகையைக் கண்ணை மூடிக்கொண்டு வாயில் போட்டார்.

"தாயி, இந்த வருசம் புத்துமண்ணு நல்லா நைசா இருக்கு. கஸ்தூரி மஞ்ச வாசம்லா அடிக்கி!"

"ஐயோ பெரியவரே, அது மண்ணு இல்ல! பொம்பள குளிக்கிற பொடி! துப்புங்க!"

"எனக்கு எழுத்து எங்க தெரியுது? கோபுரம் தெரியுது. கோபுரத்தப் போட்டு யாராவது குளிக்கக் குடுப்பாவளா?" என்று என் மேலேயே கோபித்துக்கொண்டார்.

காவி நிறம், கோபுரம், ஊர்ப்பேர். கோவில் புற்றுமண் என்றுதான் பாதி ஜனம் வாங்கிப் போயிருக்கிறது. சாயங்காலம் பனவடலிசத்திரத்துக்காரி ஒருத்தி திரும்பி வந்து, தன் பிள்ளைக்கு வாயில் போட்டதும் காய்ச்சல் விட்டுவிட்டது, இன்னும் நாலு பெட்டி கொடு என்று நின்றாள். திரைக்குப் பின்னால் உங்களுடைய சிரிப்புச் சத்தம் கேட்டது. ஓடி வந்து பார்த்தேன். முறத்தைத் தள்ளிவிட்டு, தலையைப் பின்னால் சாய்த்து, வாயை மூடாமல் சிரித்துக்கொண்டிருந்தீர்கள். நானும் உங்கள் தோளைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். கொஞ்ச நேரம் கழித்துத்தான் நான் பிடித்திருந்த தோள் குலுங்குவது சிரிப்பினால் இல்லை என்று தெரிந்தது.

"நான் வச்ச சோத்தத் தொட மாட்டாவ ஏட்டி," என்றீர்கள். "சாமி மண்ணுன்னு நெனச்சிட்டு அம்புட்டுப் பேரும் வாயில போட்டுக்கிட்டாவளே."

உங்கள் தம்பி மட்டும், கோவில்காரர்கள் சண்டைக்கு வருவதற்குள் பெட்டியை மாற்றிவிட வேண்டும் என்று புலம்பிக்கொண்டிருந்தார்.

இனி எழுதப் போவதைத்தான் எழுத முடியவில்லை. இரண்டு தடவை எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

தபசு முடிந்த மாதமே ராஜபாளையத்திலிருந்து அந்தப் பெரிய கடைக்காரர் வந்தார். நம் பொடியை ஊர் ஊருக்குக் கொண்டுபோகிறேன், எவ்வளவு செய்தாலும் எடுத்துக்கொள்கிறேன் என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. கூடத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கும்போது, நீங்கள் சலித்த பொடியை ஒரு தட்டில் அள்ளிவந்து அவர் முன்னால் வைத்துவிட்டுப் போனீர்கள். அவர் உங்கள் விரல்களைப் பார்த்தார். தட்டைத் தொடவில்லை. நீங்கள் உள்ளே போகும்வரை காத்திருந்துவிட்டுச் சொன்னார்:

"சரக்குல ஒண்ணும் குத்தமில்ல. ஆனா பெட்டியில அந்த அம்மா பேரு வேண்டாம். இந்தச் சுத்துப்பட்டுல யாருக்குத் தெரியாது? வெளுத்த கை இடிச்ச மாவ எவ மூஞ்சில பூசுவா? இந்தா இருக்க தங்கச்சி பேரப் போடுங்க. பெட்டி எல்லாத்தையும் நான் எடுத்துக்கிடுதேன்."

உங்கள் தம்பி தலையைக் குனிந்துகொண்டார். அவர் சுபாவம் அது. "நீதான் சொல்லணும்" என்று என் பக்கம் பார்த்தார். வேண்டாம் அண்ணாச்சி, போய் வாருங்கள் என்று சொல்ல எத்தனை நேரம் ஆகும்? வீட்டுக்கு வருகிறவரிடம் நான்தான் குழம்பு வைத்தேன் என்று சொல்லிச் சொல்லிப் பழகிய வாய். "சரி" என்று சொல்லிவிட்டது.

சிவகாசிக்கு இந்தத் தடவை நான் மட்டும் போனேன். உங்களைக் கூப்பிடவில்லை. வெயிலாக இருக்கிறது மதினி என்றேன். நீங்கள் ஒரு கேள்வியும் கேட்காமல் என் பைக்குள் எலுமிச்சம்பழம் ஒன்றைப் போட்டு அனுப்பினீர்கள். ரோஸ் நிறத்தில், ஒரு பெண் முகம் போட்ட பெட்டியாகப் பார்த்துச் சொன்னேன். அச்சகத்துக்காரர், "அந்த அம்மா வரலியா? பெட்டி பாக்க அவுகள மாதிரி ஆளு கெடைக்காது" என்றார். உடம்புக்கு முடியவில்லை என்றேன். தயாரிப்பு என்ற இடத்தில் என் பேரை எழுதிக் கொடுத்தேன். ஈர மையோடு முதல் தாள் வந்தபோது என் பேரை அச்சில் பார்த்தேன். இதை மறைக்க மாட்டேன், மதினி. சந்தோஷமாக இருந்தது.

கட்டு வந்தது. நான் சமையல்கட்டில் போய் ஒளிந்துகொண்டேன். வேலையே இல்லாத அடுப்பை ஊதிக்கொண்டிருந்தேன். கதவிடுக்கு வழியாகப் பார்த்தால், நீங்கள் கட்டைப் பிரித்துக்கொண்டிருந்தீர்கள். ஒன்றை மடித்து ஒட்டினீர்கள். செம்பில் கையை நனைத்துச் சாயம் ஒட்டுகிறதா என்று பார்த்தீர்கள். பெருவிரலால் தள்ளினீர்கள். திருப்பினீர்கள். கை அப்படியே நின்றது.

"வள்ளி" என்று கூப்பிட்டீர்கள். ஏட்டி என்று கூப்பிடவில்லை.

வந்து நின்றேன். நீங்கள் நிமிர்ந்து பார்க்காமல் பெட்டியையே பார்த்துக்கொண்டு சொன்னீர்கள்:

"ஒம்பேரு மூணெழுத்து, கச்சிதமா ஒக்காந்துட்டு. எம்பேரு நீளம்லா. இங்கன அடங்காது."

காவிப் பெட்டியும் அதே அளவுதான். அதே பக்கத்தில், அதே இடத்தில் உங்கள் பேர் அடங்கித்தான் இருந்தது. உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நான் குற்றவாளியாக உங்கள் முன் நிற்கக் கூடாது என்று, எனக்கு வேண்டிய பொய்யை நீங்களே தேடி எடுத்து என் கையில் கொடுத்தீர்கள். அந்த நேரத்தில் உங்கள் காலில் விழுந்திருக்க வேண்டும். குறைந்தது வாயை மூடிக்கொண்டாவது நின்றிருக்க வேண்டும். நான் என்ன சொன்னேன்?

"ஆமா மதினி. அச்சகத்துலயும் அதத்தான் சொன்னாவ."

"சொல்லுவாவ, சொல்லுவாவ" என்றீர்கள். அடுத்த பெட்டியை எடுத்து ஒட்ட ஆரம்பித்தீர்கள்.

அதன்பிறகும் நாலு வருஷம் நீங்கள் பொடி இடித்தீர்கள். ஒரு நாள் முகம் கோணவில்லை. என்னிடம் ஒரு சொல் கூடுதலாகவோ குறைவாகவோ பேசவில்லை. பிள்ளைகளைக் குளிப்பாட்டினீர்கள், எனக்குக் காய்ச்சல் வந்தால் கஞ்சி வைத்தீர்கள். பெட்டியை மட்டும் பார்க்க மாட்டீர்கள். புது மாதிரி வந்திருக்கிறது, வந்து பாருங்கள் என்று கூப்பிட்டால், "நீயே பாத்துக்கோ, எனக்குக் கண்ணு சரியாத் தெரியல" என்பீர்கள். மூன்று தடவை சலித்த மாவில் ஒரு பயறுத் தோல் கிடந்தால் கண்டுபிடிக்கிற கண் அது. என்னை நீங்கள் திட்டியிருந்தால் நான் எப்போதோ ஆறியிருப்பேன். நீங்கள் திட்டவே இல்லை.

மஞ்சள் காமாலை வந்து ஆஸ்பத்திரியில் பத்து நாள் கிடந்தீர்கள். ஏழாம் நாள் மதியம் நாம் இரண்டு பேர் மட்டும்தான் இருந்தோம். இன்றைக்குச் சொல்லாவிட்டால் என்றைக்குமே இல்லை என்று எனக்குள் தோன்றிவிட்டது. உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு, "மதினி, அந்த ரோஸ் பெட்டி..." என்று ஆரம்பித்தேன்.

"வானம் இருட்டிக்கிட்டு வருது பாரு," என்றீர்கள். "பெட்டியெல்லாம் மாடியில காயுதுல்லா? நனைஞ்சா ஒண்ணுக்கும் ஆவாது. போ ஏட்டி."

ஜன்னலுக்கு வெளியே வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது. நான் எழுந்து போனேன். என்னைத் தப்பிக்க விடுகிறீர்கள் என்று தெரிந்தே போனேன். அதற்கு மூன்றாம் நாள் நீங்கள் போய்விட்டீர்கள்.

குளிப்பாட்டுவதற்குச் சொந்தக்காரப் பெண்கள் எல்லாரும் வந்தார்கள். "நாங்க தண்ணி ஊத்துதோம், நீ தேய்ச்சுவிடு" என்று சொல்லிவிட்டுத் தள்ளி நின்றார்கள். நான்தான் தேய்த்தேன். நீங்கள் இடித்த பொடிதான். உங்கள் முகத்தில் அது முதன்முதலாகப் பட்டது அன்றைக்குத்தான். பெட்டியை உடைத்துப் பொடியைக் கொட்டும்போது என் பேர் என் விரலுக்கு அடியில் இருந்தது. ஈரக் கையோடுதான் பிடித்திருந்தேன். சாயம் ஒட்டவில்லை. நல்ல பெட்டி என்று ஒரு நினைப்பு வந்தது பாருங்கள், அந்த நேரத்தில்! என்னைப் போல ஒருத்தி இருப்பாளா?

அப்புறம் நடந்ததுதான் எனக்குத் தாங்கவில்லை. கல்யாணம் ஆகாமல் போன பெண்ணுக்கு வீட்டில் கன்னிப்பெட்டி வைத்துக் கும்பிடுவது நம் பக்கத்து வழக்கம் அல்லவா? வருஷம் திரும்பியதும் அத்தை, "எம்மவ கன்னியாப் போனா. அவளுக்குப் பெட்டி வைக்கணும். பெட்டி பாக்கது உனக்குத்தான தெரியும், நீ போய் வாங்கிட்டு வா" என்றார். ஓலைப்பெட்டிக் கடையில் போய் நின்றேன். எந்தப் பெட்டியை எடுத்தாலும் பக்கவாட்டைத் திருப்பிப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தேன். மூடி போட்ட ஒன்றை வாங்கி வந்தேன். புதுச்சேலை, ரவிக்கை, கண்ணாடி வளையல், ரிப்பன், சீப்பு, கண்மை, பவுடர், சாந்து, முகம் பார்க்கிற கண்ணாடி எல்லாம் உள்ளே வைத்தோம். உயிரோடு இருந்தபோது உங்களுக்கு ஒரு ரிப்பன் வாங்கித் தராத சித்திகளும் பெரியம்மைகளும் போட்டி போட்டுக்கொண்டு கொண்டுவந்து வைத்தார்கள். "எம்மவளுக்கு நல்ல எடமா அமையணும் தாயி" என்று உங்களிடம் கேட்டார்கள். உங்களுக்குப் படைத்த பொங்கலைக் கைநீட்டி வாங்கிச் சாப்பிட்டார்கள். யார் வைத்தது என்று ஒருத்தரும் கேட்கவில்லை.

இதைக் கேள்விப்பட்டு ராஜபாளையத்துக்காரரும் வந்தார். நீங்கள் இடித்து வைத்த பொடி தீர்ந்துபோய், நான் இடித்தது பக்குவம் வராமல், வியாபாரம் படுத்துக் கிடந்த நேரம். கூடத்தில் அதே இடத்தில் உட்கார்ந்துகொண்டு, "இனிமே அந்த அம்மா பேரையே பெட்டியில போடலாம். வீட்டுத் தெய்வமாயிட்டாவல்லா. ராசின்னு வாங்குவாவ. போட்டோ இருந்தா அதையும் போடலாம்" என்றார்.

உங்கள் தம்பி வழக்கம்போல என்னைப் பார்த்தார்.

"உசுரோட இருக்கையில அடங்காத பேரு, செத்த பெறகு மட்டும் அடங்குமா அண்ணாச்சி?" என்று கேட்டேன்.

அவருக்கு விளங்கவில்லை. உங்கள் தம்பிக்கும் விளங்கவில்லை, அவரிடம் நான் அந்தக் கதையைச் சொன்னதே இல்லை. பொடி இனிமேல் கிடையாது என்று சொல்லி அவரை அனுப்பிவிட்டேன். மிச்சம் கிடந்த ரோஸ் தாள்களை வெந்நீர் அடுப்பில் வைத்தேன். அதனால் ஒன்றும் ஆகிவிடவில்லை என்று எனக்குத் தெரியும்.

வருஷா வருஷம் பெட்டியை இறக்கிச் சேலை மாற்றுகிறோம். அத்தை ஒவ்வொருவரையும் முன்னால் நிறுத்தி, "அவ பேரச் சொல்லிக் கும்பிடு" என்பார். எல்லாரும் சொல்கிறார்கள், மதினி. ஒரு காலத்தில் உங்களைக் கூப்பிடக் கூசிய வாய்களெல்லாம் சத்தமாகச் சொல்கின்றன. என் பிள்ளைகள் சொல்கிறார்கள். என் முறை வரும்போது நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறது. மதினி, மதினி என்றுதான் வருகிறது. மரியாதைக்காக அப்படிக் கூப்பிடுகிறேன் என்று அத்தை நினைத்துக்கொண்டிருக்கிறார்.

மதியம் இந்தத் தாளை எடுத்து வைத்து, முதல் வரியில் உங்கள் பேரை எழுதத்தான் பேனாவை ஊன்றினேன். வரவில்லை. இத்தனை பக்கம் எழுதியும் இன்னும் வரவில்லை. அது நீளமான பேரே இல்லை, மதினி. என் பேரைவிட ஓர் எழுத்துதான் கூட.

வள்ளி